வல்லினம் மிகும் இடங்கள்

எனக்குக் கோபம் வந்தால் முத்திரை குத்துவேன்.

பயப்படாதீர்கள், ஆள் மேல் இல்லை, தபால் மேல்தான். என் மேசையின் வலது மூலையில் ஒரு தேதி முத்திரையும், மூடி தொலைந்துபோன ஒரு மைப்பெட்டியும் இருக்கின்றன. தபாலுக்கு முத்திரை குத்துவது கண்காணிப்பாளர் வேலை இல்லை. தபால் பிரிவில் அதற்கென்றே ஒரு தம்பி இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "நீ ஓய்வா இருப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டேன். என் பெருந்தன்மையை அவர் ஊரெல்லாம் சொன்னார். அமைதியான நாளில் முத்திரை 'டக்' என்று விழும். கோபமான நாளில் 'டங்' என்று விழுந்து, தேதி அடுத்த தாளிலும் பதியும்.

இது எனக்கும் மேசைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். என் பிரிவில் யாருக்கும் பெயர் கிடையாது, இருக்கைதான்: ஏ1 முதல் ஏ5 வரை. ஒருநாள் ஏ3 விடுப்புக் கடிதத்தோடு என் பக்கம் வந்தவர், பாதி வழியில் நின்று, திரும்பி நடந்தார். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல சார். சத்தம் கொஞ்சம் குறையட்டும்" என்றார்.

அதாவது, என் உள்ளத்தின் வெப்பநிலையை ஊரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கோபத்தின் ஊற்று எங்கள் அதிகாரி. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கை நீட்ட மாட்டார், அதட்ட மாட்டார், வெளியூர் போனால் பிரிவுக்கே பால்கோவா வாங்கி வருவார். அவருக்கு ஒரே ஒரு வியாதி: ஒற்றுப்பிழை. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இரண்டு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் ஒழுங்காகக் காவல் நிற்கின்றனவா என்பதுதான் முதல். ஒரு 'க்' காணவில்லை என்றால் கோப்பு திரும்பி வரும். பச்சை மையில் ஒரு வட்டம் இருக்கும். கீழே எதுவும் எழுதியிருக்காது. வட்டமே போதும், வயிறு எரியும்.

என் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி நின்றுபோனது ஒரு சித்திரை மாதம். "மின்விசிறி பழுது நீக்க கோருதல்" என்று பொருள் போட்டுக் கோப்பு வைத்தேன். திரும்பியது: நீக்கக். திருத்தி அனுப்பினேன். திரும்பியது: 'அந்த பிரிவில்' இல்லையாம், அந்தப் பிரிவில். மூன்றாவது தடவை எனக்குப் பயம் பிடித்து, கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றுப் போட்டேன், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. 'மூன்றுப் பக்க அறிக்கை' என்று எழுதியிருந்தேன். எண்ணில் எட்டுக்கும் பத்துக்கும் பின்னால்தான் மிகுமாம், மூன்றுக்கு மிகாதாம். அக்னி நட்சத்திரத்தில் போன கோப்பு ஐப்பசியில் ஒப்புதலாகி வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கிய அன்று வெளியே அடைமழை. நான் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தேன்.

இதில் பெரிய வெட்கக்கேட்டை இன்னும் சொல்லவில்லை. என் மனைவி தமிழாசிரியை. இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுக்கிறவள். இரவு சாப்பாட்டுக்குப் பின் கோப்பை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாரேன்" என்றிருந்தால் முடிந்தது கதை. நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே. அது அவளுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

ஆக, கோபத்தைத் தினமும் முழுங்கிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறுவேன். வீடு திருவானைக்காவல். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து, பெருமூச்சு ஒன்று விட்டு, அன்றைய கோபத்தை ஆற்றில் போட்டுவிடுவேன். தண்ணீர் இருந்தால் அடித்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் மணலில் கிடக்கும். 2022-ல் அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். பேருந்து எங்கெங்கோ சுற்றிப் போனது. 'என்னதான் செய்கிறார்கள்?' என்று பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டேன். பொறியாளர் போலிருக்கிறது. வெயிலில் பாலம் விரியும், குளிரில் சுருங்கும், அதற்காகத் துண்டு துண்டுக்கு நடுவே இடைவெளி விட்டு விரிவு இணைப்பு என்று ஒன்று வைப்பார்கள், அது தேய்ந்துவிட்டது, மாற்றுகிறார்கள் என்றார். இடைவெளி விடாவிட்டால்? "வெடிச்சிரும் சார்" என்றார். 1976-ல் கட்டிய பாலம். அதற்கு 46 வயதில் இணைப்பு மாற்றக் கோப்பு போட்டு, ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் கோபம் ஆற்றில் விழாமல் என்னோடு வீடு வரை வர ஆரம்பித்தது.

எங்கள் வீடு வல்லினம் மிகா இடம். விளித்தொடரில் வல்லினம் மிகாது என்று இலக்கணம் சொல்கிறது. உண்மைதான். "அம்மா தாயே" என்று கூப்பிட்ட பிறகு எந்த ஆம்பிளைக்குக் குரல் உயரும்? ஒருநாள் செருப்பை உதறிவிட்டு, சோற்றில் உப்பில்லை என்று கத்தத் தொடங்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு எந்த எழுத்து, க்-கா, ச்-சா?" என்றாள். நான் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது, உப்பு இருந்தது.

பெரியவர்கள் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஔவை தன் ஆத்திசூடியில் இரண்டாவது வரியிலேயே கோபத்தைத் தணிக்கச் சொல்லிவிட்டாள். பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது அதையே பழகிக்கொள்ளச் சொன்னார். ஒருத்தி அணைக்கச் சொல்கிறாள், ஒருவர் மூட்டச் சொல்கிறார். நடுவில் நான் முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளுவர்தான் என்னை நேரே பிடித்தவர். எங்கள் அலுவலக வாசலில் தினமும் ஒரு குறளைப் பொருளோடு பலகையில் எழுதி வைப்பது வழக்கம். எழுதுவது தட்டச்சர் அம்மா. போன ஆடியில் அவர் 31-ஆவது அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தார். வெகுளாமை. 301 முதல் 310 வரை, வேலை நாள் பத்து. அந்தப் பத்து நாளும் உள்ளே வந்த ஒவ்வொருவரும் பலகையைப் படித்துவிட்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் குறளே எனக்கென்று எழுதியதுதான். பலிக்கிற இடத்தில் கோபத்தை அடக்குகிறவன்தான் அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்கிறார்.

சரி, நம் கோபம் எங்கெங்கே பலிக்கும் என்று தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதிகாரி: பலிக்காது. ஏ1 சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார், நான் ஒரு சொல் சொன்னால் மதியம் வாயில் கூட்டம் போட்டுவிடுவார். ஏ2 அதிகாரிக்கு ஊர்க்காரர். ஏ3-யைச் சொன்னால் அழுதுவிடுவார், பிறகு அவரைத் தேற்ற நான் அழவேண்டும். ஏ4-க்குக் காது மந்தம், அதுவும் நான் பேசும்போது மட்டும். மிச்சம் ஏ5. அந்த இருக்கை 2019 முதல் காலி. என் கோபம் முழுசாகப் பலிக்கக்கூடிய ஒரே இடம் அந்த நாற்காலிதான். அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

இதற்கிடையே எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பணியிடத்தில் மன அழுத்தத்தைக் கையாளுதல், அரை நாள், தேநீர் உண்டு. வந்தவர் நன்றாகவே பேசினார். 1915-லேயே கேனன் என்று ஓர் அமெரிக்க உடலியல் அறிஞர் எழுதிவிட்டாராம்: ஆபத்து வந்தால் உடம்புக்குத் தெரிந்தது இரண்டே வழி, சண்டை போடுவது, இல்லையேல் ஓடுவது. இரண்டுக்கும் தயாராக இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் கை காலுக்குப் பாயும், ஜீரணம் நின்றுபோகும். நான் கையைத் தூக்கினேன். "சார், எங்க ஆபீஸ்ல மூணாவது வழி ஒண்ணு இருக்கு." "என்ன?" "பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தினமும் மதியம் தயிர்சாதம் ஏன் நெஞ்சிலேயே நிற்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கோபம் வந்தால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்றார் அவர். மறுநாளே வாய்ப்பு வந்தது. அதிகாரி முன்னால் நின்றேன். அவர் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார். நான் எண்ணத் தொடங்கினேன். மனசுக்குள்தான் எண்ணினேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன், உதடு எனக்குத் தெரியாமல் அசைந்திருக்கிறது.

"என்ன எண்ணுறீங்க?"

"பக்கம் சார். பத்து."

அவர் நிதானமாகக் கோப்பைப் புரட்டினார். "பதினொண்ணு இருக்கே. பக்க எண்ணையும் சரியாப் போடுங்க" என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்.

இனி வேறு வழியில்லை என்று வீட்டில் தலையணையைக் குத்தினேன். யாரோ சொன்னதுதான்: குத்தக் குத்தக் கோபம் இறங்கிவிடுமாம். நாலாவது குத்தில் உறை கிழிந்து, இலவம்பஞ்சு அறை முழுக்கப் பறந்தது. கதவைத் திறந்து பார்த்த மனைவி கோபப்படவே இல்லை. "அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. மாடியில மூணு மெத்தை காயுது, போய் அதை அடிங்க, தூசியாவது போகும்" என்றாள். போனேன். அடித்தேன். அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு மாமி அவர்கள் வீட்டு மெத்தையையும் கொடுத்தனுப்பினார். "உங்க வீட்டுக்காரர் நல்லா அடிப்பாராமே?"

உளவியல் படிக்கிற மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது தப்புன்னு 2002-லயே சொல்லிட்டாங்க." புஷ்மன் என்பவர் அமெரிக்காவில் 600 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையாம். கோபப்படுத்தின ஆளை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தினவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்ததாம். இரண்டு நிமிஷம் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்தவர்கள் அவர்களைவிடத் தேவலையாம்.

"அது சரிம்மா, 600 பேருக்கும் எப்படிக் கோபம் வரவழைச்சாங்க?"

"அது சுலபம்ப்பா. ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, அதுல மட்டமா மார்க் போட்டு, இவ்வளவு மோசமான கட்டுரையைப் பார்த்ததே இல்லைங்கிற மாதிரி எழுதித் திருப்பிக் கொடுத்தாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பல்கலைக்கழகமே திட்டம் போட்டுக் கண்டுபிடித்த முறை! எங்கள் அலுவலகத்தில் அதை இரண்டு வருஷமாக ஒரே ஆள், ஒரு பச்சைப் பேனாவை வைத்துக்கொண்டு செய்துவருகிறார்.

மகள்தான் லிங்கனையும் சொன்னாள். அதற்காக அவளை நான் குறை சொல்லமாட்டேன், லிங்கனையும் சொல்லமாட்டேன். கெட்டிஸ்பர்க் சண்டையில் ஜெயித்த பிறகு, தோற்றுப்போன லீயின் படையை ஆற்றைத் தாண்டித் தப்பிக்க விட்டுவிட்டார் ஜெனரல் மீட். லிங்கனுக்கு ஆத்திரம். 1863 ஜூலை 14-ஆம் தேதி மீடுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதி, உறையில் போட்டு, அனுப்பவில்லை, ஒப்பமும் இடவில்லை என்று உறை மேலேயே குறித்து வைத்துவிட்டார். கோபம் தாளோடு போயிற்று. இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்தது. எவ்வளவு எளிய வழி! தாள், பேனா, இழுப்பறை. ஜனாதிபதிக்கு ஒத்துவந்தது கண்காணிப்பாளருக்கு ஒத்துவராதா?

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் எழுதினேன். "ஐயா, எனக்கு கோபம் வருகிறது" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் கை நிற்கவில்லை. மின்விசிறி வந்தது, ஐப்பசி வந்தது, மூன்று பக்க அறிக்கை வந்தது. "தங்களுக்கு கண் இருக்கிறது, ஆனால் எழுத்தைத் தவிர எதுவும் தெரிவதில்லை" என்று ஒரு வரி தானாக விழுந்தது. படித்துப் பார்த்து நானே பயந்துபோனேன். "இது கொடுமை. இது தமிழுக்கே கொடுமை" என்று முடித்தேன். லிங்கன் மாதிரியே ஒப்பமிடவில்லை. நெஞ்சு லேசானது. அன்று தயிர்சாதம் சொன்ன பேச்சைக் கேட்டு வயிற்றுக்குப் போனது.

லிங்கனுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் எழுதியதை உறையில் போட்டார். நான், பழைய மேசை நாற்காலிகளைக் கழிவு செய்து ஏலம் விடுவது பற்றிய கோப்பில் வைத்தேன். வைத்தேன் என்பதுகூடப் பொய். இழுப்பறையில் போடுவதாக நினைத்துக்கொண்டு, டிபன் டப்பாவை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கடிதத்தைக் கோப்பின் மேல் விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பு இல்லை.

"ஐயா மேசைக்குக் கொண்டுபோய் வச்சாச்சு சார்" என்றார் அலுவலக உதவியாளர். ஒரு கோப்பை எடுத்துப்போக நான் மூன்று தடவை கெஞ்சவேண்டிய மனிதர். அன்று சொல்லாமலே எடுத்துப்போயிருக்கிறார்.

அடுத்த மூன்று நாள் எப்படிப் போயிற்று என்று விரிவாகச் சொல்ல மனசு வரவில்லை. முத்திரை 'டக்' என்றும் விழவில்லை, 'டங்' என்றும் விழவில்லை. விழவே இல்லை. பிரிவே அரண்டுபோய், ஏ1 வந்து "உடம்புக்கு ஏதும் முடியலையா சார்?" என்று கேட்டார். நான் ஒழுங்கு நடவடிக்கை விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 17(அ) என்றால் சின்னத் தண்டனை, 17(ஆ) என்றால் பெரியது. என்னுடையது எதில் வரும்? ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கியபோது ஊரே இனிப்புக் கொடுத்தது. 58 என்றே விட்டிருந்தால் இந்தச் சிக்கலில் இரண்டு வருஷமாவது குறைந்திருக்கும் என்று அந்த மூன்று நாளும் தோன்றியது.

நாலாவது நாள் கோப்பு வந்தது. ஏல அறிக்கைக்கு ஒப்புதல் ஆகியிருந்தது, ஒரு வட்டம்கூட இல்லாமல். அதன் கீழே என் கடிதம். அதில் பதினான்கு பச்சை வட்டங்கள். "எனக்குக் கோபம் வருகிறது" என்று திருத்தியிருந்தார். கோபத்துக்கு முன்னால் அந்தப் பச்சை 'க்' கம்பீரமாக நின்றது. ஒப்புக்கொள்கிறேன், அது இல்லாமல் என் கோபம் கொஞ்சம் சோகையாகத்தான் இருந்தது. "தங்களுக்குக் கண்." சரி. கடைசியில் ஒரு குறிப்பு: "பிழைகள் திருத்தப்பட்டன. தூய நகல் வைக்கவும்."

படித்தாரா, படிக்கவில்லையா? நீங்களே சொல்லுங்கள். அன்று மாலை வராந்தாவில் எதிரே வந்தார். நான் சுவரோடு சுவரானேன்.

"அந்தத் தூய நகல் இன்னும் வரலையே?"

"எது சார், கோபமா?"

"கோப்பு" என்றார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது போலிருந்தது. சிரிப்பா, ஏலக்காயா, தெரியவில்லை. அவர் ஏலக்காய் மெல்லுகிறவர்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாலம் வழியாகத்தான் வந்தேன், ஆற்றில் போடவில்லை. காரணம் இருந்தது. பேருந்தில் அதை நாலாவது தடவை படித்தபோது கடைசி வரியில் என் கண் நின்றது. நான் "இது கொடுமை" என்று எழுதியிருந்ததை, அவர் வட்டம் போட்டு "இதுக் கொடுமை" என்று ஆக்கியிருந்தார். எனக்குச் சந்தேகம். மிகச் சின்ன, மிக இனிப்பான சந்தேகம். அது, இது, எது என்பவற்றுக்குப் பின்னால் வல்லினம் மிகாது என்று சமையலறைப் பக்கம் தாளம் போட்டுச் சொன்ன குரல் எங்கோ கேட்டது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மானத்தை விட்டு, அவளிடம் தாளை நீட்டினேன். "இதைக் கொஞ்சம் பாரேன். இந்தக் கடைசி வரி மட்டும்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். "இது தப்பாச்சே. மிகாதே" என்று அந்த 'க்'கை ஒரே கோட்டில் வெட்டினாள். அந்த ஒரு நொடி, நண்பரே, நான் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அதோடு அவள் பேனாவை மூடியிருக்கலாம். மேலே இருந்து படிக்க ஆரம்பித்தாள். அதிகாரி விட்டுவைத்த ஐந்தையும் கண்டுபிடித்துச் சுழித்தாள். ஓரத்தில் 'சொன்னதையே சொல்லுதல்' என்று எழுதினாள். கடைசியில் இடது மூலையில் வட்டம் போட்டு, பத்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கருத்து இருக்குங்க. கோர்வைதான் இல்ல."

அந்த ஞாயிறு, யாரும் கேட்காமலே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "மாமி, மெத்தை ஏதாச்சும் இருக்கா?"